இடப்பக்கத்து சைலன்சர்

முரளி,

மூன்று நாளாக உன் அறையைப் பெருக்க நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பார்த்தாலே குமட்டுகிறது. உங்கப்பா முப்பது வருடம் உட்கார்ந்து சாப்பிட்ட தேக்கு மேசையின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டியிருக்கிறாய். திருகிய இடத்தில் பல் பதிந்த மாதிரி மரம் நசுங்கிக் கிடக்கிறது. கீழே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் நகராமல் இருக்க என் அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்திருக்கிறாய். கம்ப்யூட்டரைச் சுற்றிலும் சேவுத் துகள், டீ டம்ளரின் வட்ட வட்டமான கறை. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையை ஓட்டுகிறான். பக்கத்து வீட்டு மரகதம் ஒரு நாள் கேட்டாள், "என்ன மதினி, வீட்டுக்குள்ளயே மிளகா அரவை மிஷின் போட்டுட்டீகளா? அம்புட்டுச் சத்தமா கெடக்கு!" முரளி கார் ஓட்டுகிறான் என்றேன். அவள் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "கார் எங்கன நிக்கி?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்த அருவருப்பெல்லாம் ஒரு துடைப்பத்துக்கும் ஈரத்துணிக்கும் அடங்கிவிடும். இப்போது வந்திருப்பது அடங்காத ரகம். வியாழக்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாய். பிரிவு தாங்காமல் அம்மா வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று மரகதத்திடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. பிரிவைத் தாங்கிப் பழகியவள் நான். உன்னிடம் நான் பேசாததற்குக் காரணம் வேறு. பேசினால் நீ பதில் சொல்வாய். நீ சொல்லும் பதில் உங்கப்பாவின் குரலில் வருகிறது. அதைக் கேட்கக் கூசித்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அந்த மேசை மேல் திறந்தே வைக்கப் போகிறேன். யார் படித்தாலும் சரி.

உன் பொழுதுபோக்கு எனக்குப் புரியாது என்று நீ சொல்லிவிடக் கூடாது. ஆகையால் புரிந்ததை எழுதிவிடுகிறேன். நீ சின்ன வயதில் ஆடிய கார்ப் பந்தய விளையாட்டில் கார் என்பது சில கட்டங்கள், அவ்வளவுதான். தீப்பெட்டியை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். இப்போது வந்திருக்கும் சிமுலேட்டரில் காருக்கு எடை உண்டு. டயர் வழுக்கும், பிரேக் போட்டால் மூக்கு தாழும். பழைய விளையாட்டில் பார்த்த அதே காரை அளவெடுத்து வரைந்து, எடையையும் ஸ்பிரிங்கையும் எண்களாகக் கொடுத்து, இந்தப் புதிய சிமுலேட்டரில் ஓட வைக்க வேண்டும். உன்னைப் போலவே ஏக்கம் பிடித்த ஆண்கள் உலகம் முழுவதிலுமிருந்து ஓர் இணைய மன்றத்தில் கூடி இதைச் செய்கிறீர்கள். சம்பளம் கிடையாது. செய்தவன் பெயர் மட்டும் காருக்குக் கீழே வரும். முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பெயரைத் தவிர வேறு கூலி இல்லாத வேலையில் அந்தப் பெயராவது சுத்தமாக இருக்கும் என்று நம்பினேன்.

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் அந்த மன்றத்துக்கு நீ ஒரு நினைவுக் கட்டுரை எழுதினாய். அதன் ஆங்கிலத்தை நான்தான் திருத்தினேன். சிவகாசியில் உங்கப்பாவின் அச்சகம், மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை, லேபிள் வேலைக்காக வாங்கிய கம்ப்யூட்டர், அதில் மதுரை சர்வீஸ்காரர் ஏற்றிவிட்டுப் போன விளையாட்டு, மை வாசனை, அப்பா வாங்கித் தந்த சேவுப் பொட்டலம், திரையில் ஒரு மஞ்சள் கார். படித்தவர்கள் அழுதுவிட்டதாக எழுதினார்களாம். நானும் ஓரிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் இருக்கும் உங்கப்பாவின் படத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து நீ எதை வெட்டி எறிந்துவிட்டு எழுதினாய் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் சொல்லப்போனால், அது வெட்டப்பட்டிருந்தது எனக்கு வசதியாகவே இருந்தது.

பிறகு அந்த மஞ்சள் காரை நீயே செய்யத் தொடங்கினாய். அதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய கார் ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனாய். அடியில் படுத்து ஸ்பிரிங்கை அளந்துவிட்டு, வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸோடு வந்து நின்றாய். "எம்மா, மெக்கானிக் என்னயப் பாத்து, 'கார வாங்கப் போறீகளா, கட்டிக்கப் போறீகளா'ன்னு கேக்காரு!" என்று சொல்லிச் சிரித்தாய். சட்டைக்காக உன்னைத் திட்டினேன். ஆனால் அன்று உன்னை எனக்குப் பிடித்திருந்தது. எட்டு மாதம் உழைத்தாய். கதவு சரியாக மூடவில்லை. வளைவில் திரும்பினால் கார் குப்புற விழுந்தது. எனக்குக் காட்டியபோது, "கழுதை உருளுற மாதிரி இருக்குடா" என்றேன். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஒரே வாரத்தில் கார் முழுமையாகிவிட்டது. கதவு மூடியது, வளைவில் நின்றது. ஒரு வாரத்தில் எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு கைக்குட்டையில் நாலு பூ தைப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவள் நான். கேட்கவில்லை. மன்றத்தில் அறிவிக்க நீ நாலு வரி எழுதி வந்தாய். 'இந்தக் காரை நான் செய்தேன்' என்ற உன் வாக்கியம் எனக்குச் சப்பென்று இருந்தது. அதை அடித்துவிட்டு, முதல் திருகிலிருந்து கடைசிப் பூச்சு வரை என் கைகளைத் தவிர வேறு கை இதைத் தொட்டதில்லை என்ற பொருள்படும்படி, என் கான்வென்ட் சிஸ்டர்கள் படித்தால் மெச்சிக்கொள்ளும் ஆங்கிலத்தில், நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்க்குப் பூ வைத்து, பொட்டு வைத்து அனுப்பியவள் நான்தான். அதைப் பார்த்துத்தான் பெங்களூரில் விளையாட்டுச் செய்யும் கம்பெனிக்காரர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன் நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது, அச்செடுத்த தாள் ஒன்றோடு வந்தாய். "யாரோ ஒரு பெருசும்மா. பொறாமை. நறுக்குன்னு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நம்பிருவாக" என்றாய். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுதியவர் அந்த மன்றத்தில் 'ஓல்ட் கிளட்ச்' என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர். ஏதோ ஒரு குளிர் நாட்டில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உன் கார் ஏன் வளைவில் விழுகிறது என்று ஆறு மாதம் உனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அதே காரை அவரும் செய்திருக்கிறார். வெளியிடும் முன் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு, நம்பிக்கையான மூன்று பேருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார். அந்த மூன்று பேரில் நீ ஒருவன்.

அவர் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இத்தனை கூச்சமாக இருந்திருக்காது. அவர் எழுதியிருந்தது இதுதான்: 'தம்பி, பழைய விளையாட்டில் இந்தக் காருக்கு சைலன்சர் வலப்பக்கம். நான் ஞாபகத்திலிருந்து செய்தபோது தவறாக இடப்பக்கம் வைத்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன். எத்தனையோ வருடமாக என் மனதில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதால் மாற்ற மனமில்லாமல் விட்டுவிட்டேன். உன் காரிலும் அது இடப்பக்கம் இருக்கிறது. என் ஞாபகத்தில் நேர்ந்த பிழை உன் ஞாபகத்துக்குள் எப்படி வந்தது?'

"சைலன்சர் எந்தப் பக்கம்லே?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"பழைய கேம்ல வலது."

"ஒன் கார்ல?"

நீ மின்விசிறியைப் பார்த்தாய். பிறகு மளமளவென்று சொன்னாய், "கலர மாத்திருக்கேன், லைட்ட மாத்திருக்கேன், பேர மாத்திருக்கேன். எல்லாரும் பண்றதுதாம்மா. மாதிரி எடுக்கிறது திருட்டா?" எழுத மாட்டேன் என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. தாளை மடித்துக்கொண்டே சொன்னாய், "அப்பாவுக்கு மட்டும் எழுதிக் குடுத்தீகல்ல?"

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தேன். பதினாறு வருடமாக அது உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி இன்ஜின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் உன் காதில் எதுவும் விழவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எல்லாம் விழுந்திருக்கிறது. அப்பாவின் வாக்கியம் ஒரு சொல் பிசகாமல் உன்னிடம் இருக்கிறது. ஆகவே, நீ கட்டுரையில் விட்டுவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதி முடிக்கிறேன்.

சிவகாசியில் லேபிள் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. லேபிள் அடிக்க வரும் பார்ட்டி சட்டைப் பையிலிருந்து வேறு கம்பெனியின் லேபிளை எடுத்து மேசையில் வைப்பார். "இதே மாதிரி வேணும். கேட்டா இது இல்லைன்னு சொல்ற மாதிரியும் வேணும்" என்பார். மானின் தலையைத் திருப்பி வைத்தால் அது வேறு மான். யாரும் வெட்கப்படுவதில்லை. நம் அச்சகத்தில் ஓடிய லேபிளில் பாதி அப்படி வந்ததுதான். ராக்கெட் வெடிப் பாக்கெட்டுக்கு, வேறு கம்பெனி லேபிளில் இருந்த சிவப்பு ரேஸ் கார் படம் ஒன்று மாதிரியாக வந்தது. அதை வரைந்தவர் வேலாயுதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், பல அச்சகங்களுக்கு லேபிள் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர், ரேஸ் காரைக் கண்ணால் பார்த்திராதவர். அப்படியும் அந்தக் கார் தாளை விட்டுப் பாய்வது போல இருந்தது. உங்கப்பா அதை அப்படியே எடுத்து, சிவப்பை மட்டும் மாற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மஞ்சள் போடுங்கப்பா" என்றாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை சொன்னதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் இரண்டு லேபிளும் ஒரு லென்ஸுமாக வந்தார். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, நின்றுகொண்டே பேசினார். "மொதலாளி, முன்சக்கரத்துல அஞ்சு ஆரக்காலு, பின்சக்கரத்துல ஆறு. எண்ணிப் போடாம விட்டுட்டேன், என் தப்புதான். ஒங்க லேபிள்லயும் முன்ன அஞ்சு, பின்ன ஆறு. நல்லா வரைஞ்சத எடுத்தீக, சரி. என் தப்பயுமா எடுத்தீக?" உங்கப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஊரே எடுக்குது வேலாயுதம். மாதிரி எடுக்கிறது திருட்டா? லேபிள்ல ஒன் பேரு எங்கயாச்சும் போட்டிருக்கா, காட்டு பாப்போம்!" வேலாயுதத்தால் காட்ட முடியவில்லை. லேபிளில் வரைந்தவன் பெயரைப் போடும் வழக்கம் எந்த அச்சகத்திலும் கிடையாது. அவர் அச்சகக்காரர்கள் சங்கத்தில் போய்ச் சொன்னார். சங்கம் விளக்கம் கேட்டது. நீ அங்கே விளையாடிக்கொண்டிருக்கும்போதே உங்கப்பா என்னிடம் வந்தார். "நீ இங்கிலீஷ்ல எழுது. படிச்சுப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிருவாக" என்றார்.

நான் அறியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லி இந்தக் கடிதத்தில் ஒளிந்துகொள்ள மாட்டேன். எழுதுவதற்கு முன், வேலாயுதம் மறந்துவிட்டுப் போன லென்ஸை வைத்து ஆரக்கால்களை எண்ணினேன். முன்னே ஐந்து, பின்னே ஆறு. எண்ணி முடித்துவிட்டு, இந்த ஓவியம் முழுக்க முழுக்க எங்கள் அச்சகத்தின் சொந்தக் கற்பனை என்று ஒரு பக்கம் எழுதினேன். கையெழுத்து மணி மணியாக இருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டுச் சங்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார்கள் என்று உங்கப்பா வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முரளி, இந்த மூன்று நாளாக என்னைக் குமட்டுவது உன் திருட்டு மட்டுமில்லை, என்னுடைய அந்தப் பெருமையும்தான்.

அடுத்த வருடம் இருக்கன்குடி கோயிலுக்குப் போகும் வழியில், சாத்தூர் தாண்டி ஒரு லாரி ஷெட் முன்னால் பஸ் பஞ்சராகி நின்றது. அங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்து, லாரியின் பின்னால் எண் எழுதிக்கொண்டிருந்தார். வேலாயுதம். லேபிள் வரைவதை விட்டுவிட்டாராம். அச்சகத்தில் எல்லாரும் என்னைக் கான்வென்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். "கான்வென்டம்மா, சௌரியமா இருக்கீகளா? ஒங்க கடுதாசிய வாங்கி ஒருத்தர்ட்டக் குடுத்துப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். ரொம்ப நல்ல இங்கிலீஷ்னாக." கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு செய்தியைத் தெரிவிப்பது போலச் சொன்னார். நான் பஸ்ஸில் ஏறி, சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை.

கான்வென்டில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பரீட்சையில் பார்த்து எழுதியவளுக்குப் பூஜ்யம்; காட்டியவளுக்கும் பூஜ்யம். ஒரு முறை நான் காட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். நான் ஒன்றும் திருடவில்லையே என்று அழுதேன். சிஸ்டர் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல், "நீ திருட்டுக்கு நல்ல கையெழுத்துக் கொடுத்தாய்" என்றார். பன்னிரண்டு வயதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டும் நான் திருந்தவில்லை. இரண்டு தடவை, ஒன்று புருஷனுக்காக, ஒன்று பிள்ளைக்காக, அதே வேலையைச் செய்திருக்கிறேன். உன்னை வளர்த்ததில் நீ சாப்பிடும் முறை, நடக்கும் முறை, நகம் வெட்டும் முறை எல்லாவற்றையும் திருத்தினேன். இதை மட்டும் செய்து காட்டியிருக்கிறேன்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் சாத்தூருக்குப் போனேன். நீ கோயிலுக்கு என்று நினைத்திருப்பாய். அந்த ஷெட் இன்னும் இருக்கிறது. வேலாயுதமும் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கை நடுங்குகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார். டிரைவர்கள் நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன்: அந்த ரேஸ் கார் உங்களுடையது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பொய் எழுதினேன். அழுவார் என்றோ, திட்டுவார் என்றோ, போகட்டும் விடுங்கள் என்பார் என்றோ நினைத்திருந்தேன். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, "அத எழுதித் தாங்க" என்றார். "அன்னைக்கு எழுதித்தானே குடுத்தீக? இதயும் எழுதித் தாங்க. தமிழ்ல எழுதுங்க, நானே படிச்சுக்கிடுதேன்."

டிரைவர் ஒருவர் ஒரு தாள் கொடுத்தார். லாரியின் பம்பர் மேல் வைத்து எழுதினேன். அரைப்பக்கம்கூட வரவில்லை. பேனா நாலு இடத்தில் தாளைக் கிழித்தது. மணி மணியாக இல்லை. கையெழுத்துப் போட்டு, தேதியும் போடச் சொன்னார். போட்டேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். "அஞ்சு, ஆறுன்னு எண்ணிக்கையப் போடலியே" என்றார். அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தார். "பஸ் வந்துரும், கெளம்புங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். பம்பர் மேல் வைத்து எழுதினால் கால் மணி நேரம். உனக்கு மேசை இருக்கிறது. இன்று நீ வெளியே போனதும் அந்த ஸ்டியரிங்கை நானே கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிடுவேன். அதில் உட்கார்ந்து மூன்று ஒப்புதல் எழுது: அந்தக் குளிர் நாட்டுக்காரருக்கு ஒன்று, பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்று, மன்றத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒன்று. சைலன்சர் எந்தப் பக்கம் என்பதை மூன்றிலும் எழுது. வேலை போனாலும் போகட்டும். போகாமல் அவர்கள் கூப்பிட்டால், உன் கம்ப்யூட்டரில் இன்னும் கிடக்கும் அந்தப் பாதிக் காரை எடுத்துக்கொண்டு போ. கதவு மூடாத, வளைவில் கழுதை மாதிரி உருளும் கார். அதை நீ எங்கே கொண்டு போய்க் காட்டினாலும் எனக்குக் கூச்சமில்லை.

எழுதி முடித்ததும் வழக்கம் போல் திருத்தச் சொல்லி என்னிடம் எடுத்து வராதே. உன் இங்கிலீஷ் எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும். என் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

அம்மா